விநோத உணவுச் சேர்க்கைகளும் தொண்டையில் நேரும் விபத்துகளும்: எதற்கு அஞ்ச வேண்டும்?

பாலையும் மீனையும் ஒரே வேளையில் சாப்பிடலாமா, புளிப்புப் பழம் தின்ற கையோடு பால் குடித்தால் வயிற்றில் விஷமாகுமா, ஐஸ்கிரீமில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிச் சாப்பிடுகிறவருக்கு ஏதாவது ஆகுமா, சாப்பிடும்போது தொண்டையில் சிக்கிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். முதல் மூன்று விஷயங்களுக்கு மக்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள், நான்காவதற்குப் பயப்பட வேண்டிய அளவுக்குப் பயப்படுவதில்லை என்பது என் உறுதியான எண்ணம். தனித்தனியே கெடுதல் செய்யாத இரண்டு சாதாரண உணவுகள் வயிற்றில் கலந்ததும் புதிதாக நஞ்சாக மாறுவது என்பது ஏறக்குறைய நடக்காத காரியம். கெடுதல் வரும் இடங்களைப் பார்த்தால், அந்த இரண்டில் ஒன்று முன்பே கெட்டுப்போயிருக்கும். அல்லது சரியாக வேகாமல் இருந்திருக்கும். அல்லது மருந்தோ மதுவோ குறுக்கே வந்திருக்கும்.

சுவையிலிருந்து தொடங்குகிறேன். விநோதமாகத் தோன்றும் சேர்க்கைகளில் பலவற்றுக்கு நல்ல காரணம் உண்டு. உப்பிலுள்ள சோடியம் நாக்கில் கசப்பு உணரப்படுவதைக் குறைக்கிறது. கசப்பு அமுங்கும்போது அதன் அடியில் மறைந்திருந்த இனிப்பு மேலே வருகிறது என்பதை 1997இல் பிரெஸ்லினும் போஷாம்பும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரையில் காட்டினார்கள். பழத்தின் மேல் உப்புத் தூவுவதும், காபியில் ஒரு சிட்டிகை உப்பு போடுவதும் வெறும் வினோதப் பழக்கங்கள் அல்ல என்பது இதிலிருந்தே விளங்கும். மணத்தைப் பற்றியும் ஒரு பெரிய ஆய்வு உண்டு. யோங்-யோல் ஆன் என்பவரும் அவருடைய குழுவினரும் 56,498 சமையல் குறிப்புகளையும் 381 மூலப்பொருள்களையும் அவற்றிலுள்ள 1,021 மணச் சேர்மங்களையும் கணினியில் ஒப்பிட்டு 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பொதுவான மணச் சேர்மங்கள் உள்ள பொருள்களைச் சேர்ப்பது மேற்கத்தியச் சமையலின் போக்காகவும், அப்படிப்பட்ட பொருள்களைச் சேர்க்காமல் விலக்குவது கிழக்காசியச் சமையலின் போக்காகவும் அதில் தெரிய வந்தது. பொருத்தம் என்பதற்கு உலகம் முழுவதற்குமான ஒரே விதி கிடையாது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். ஆகவே ஐஸ்கிரீமில் மிளகாய்த்தூள் போடுகிறவரைத் தடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. அவருக்கு நெஞ்செரிச்சல் இருந்தால் அது வேறு விஷயம்.

சில சேர்க்கைகள் நாக்கையே ஏமாற்றிவிடும். பல் துலக்கிய உடனே ஆரஞ்சுச் சாறு குடித்தால் வாய் கசந்துபோவதற்கு, பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கப்படும் சோடியம் லாரில் சல்ஃபேட் காரணம். அது இனிப்பு உணர்வை மட்டுப்படுத்திக் கசப்பை எடுத்துக்காட்டுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் விளையும் ‘அதிசயப் பழம்’ எனப்படும் சிறு சிவப்புக் கனியிலுள்ள மிராக்குலின் என்ற புரதம் இதற்கு நேர்மாறாக, புளிப்பு பட்டதும் இனிப்பு ஏற்பிகளைத் தூண்டிவிடுகிறது. அதைச் சுவைத்தபின் சிறிது நேரத்துக்கு எலுமிச்சையும் இனிக்கும். இவற்றால் உடம்புக்குத் தீங்கு இல்லை. ஆனால் இனிக்கிறதே என்று எலுமிச்சையை அளவில்லாமல் தின்றால், நாக்குக்குப் புளிக்காவிட்டாலும் பல் எனாமலுக்கு அதே அமிலம்தான்.

இனிப் பாலும் புளிப்பும். பாலிலுள்ள கேசின் புரதம் அமிலத்தன்மை 4.6 பிஎச் அளவை நெருங்கும்போது திரிந்து கட்டியாகிவிடும். எலுமிச்சை பிழிந்தால் பால் திரிவதைக் கண்ணால் பார்த்தவர்கள், அதே காட்சி வயிற்றுக்குள்ளும் நடந்து ஏதோ கேடு விளைவிக்கும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் வயிற்று அமிலம் எலுமிச்சைச் சாற்றுக்குச் சளைத்ததல்ல. பழம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் குடித்த பால் வயிற்றில் திரியத்தான் செய்யும், செரிமானத்தின் முதல் படியே அதுதான். பால் குடித்தால் வயிறு உப்பி, கழிச்சல் வருகிறவர்கள் பழத்தைக் குறை சொல்வதற்கு முன் பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காத தன்மை தங்களுக்கு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

பாலும் மீனும் சேர்ந்தால் தோலில் வெண்புள்ளி வரும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் கிடையாது. உடம்பின் எதிர்ப்பாற்றல் தோலின் நிறமிச் செல்களைத் தாக்குவதால் வருவது வெண்புள்ளி. அதற்கும் அந்த வேளைச் சாப்பாட்டுக்கும் தொடர்பில்லை. பாலாடையில் மீனை வேகவைத்துச் சாப்பிடும் சமூகங்கள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் மீன் சாப்பிட்ட பிறகு சிலருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்து, தோலில் தடிப்பு எழுவது உண்மை. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களைப் பிடித்தவுடன் குளிரில் வைக்காமல் விட்டால், அவற்றின் சதையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைப் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமின் ஆக மாற்றிவிடும். ஒவ்வாமையின்போது உடம்பே சுரக்கும் அதே பொருள் இங்கே மீனோடு வெளியிலிருந்து வந்து சேருகிறது. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. மீனின் மணத்தையோ நிறத்தையோ வைத்து அதைக் கண்டுபிடிப்பதும் எளிதல்ல. அன்று பக்கத்தில் ஒரு குவளைப் பால் இருந்திருந்தால் பழி பாலின் மேல் விழுந்துவிடுகிறது. உண்மையான குற்றம் மீன் வெயிலில் கிடந்த நேரத்தில் நடந்தது.

இதுவரை சொன்னவை தேவையற்ற பயங்கள். உண்மையிலேயே எச்சரிக்கையாக இருக்க வேண்டிய சேர்க்கைகளில் முதலாவதாக உணவும் மருந்தும் சேருவதைச் சொல்வேன். அதில் கிரேப்ஃப்ரூட்டின் கதையை முழுவதுமாகச் சொல்லத்தான் வேண்டும். திராட்சைக்கும் இதற்கும் உறவில்லை. இது ஆரஞ்சு இனத்தைச் சேர்ந்த, பெரிய, கசப்பும் புளிப்புமான பழம். கனடாவில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஃபெலோடிபின் என்ற இரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கு மது கொடுக்கப்பட்டது, யாருக்குக் கொடுக்கப்படவில்லை என்பது குடிப்பவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, மதுவின் சுவையை மறைக்கும் சாறு ஒன்று தேவைப்பட்டது. அதற்குக் கிரேப்ஃப்ரூட் சாறு தேர்ந்தெடுக்கப்பட்டது. இரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது மது குடித்தவர்கள், குடிக்காதவர்கள் ஆகிய இரு தரப்பிலும் மருந்தின் அளவு வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. இரு தரப்புக்கும் பொதுவாக இருந்தது அந்தச் சாறு மட்டுமே. 1989இல் வெளியான அந்த முடிவை முதலில் பலரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1991இல் சாற்றை மட்டும் தனியே சோதித்த முடிவுகள் வந்த பிறகே மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது.

காரணம் குடலின் சுவரில் இருக்கிறது. நாம் விழுங்கும் பல மருந்துகளில் ஒரு பகுதியை, இரத்தத்தில் சேருவதற்கு முன்பே, சிஒய்பி3ஏ4 என்ற நொதி சிதைத்துவிடும். அப்படிச் சிதைந்துபோகும் என்று கணக்கிட்டே மாத்திரையின் அளவு நிர்ணயிக்கப்படுகிறது. கிரேப்ஃப்ரூட்டிலுள்ள ஃபுரானோகூமரின் சேர்மங்கள் அந்த நொதியை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்கின்றன. குடல் புதிய நொதியை உருவாக்கும்வரை, அதாவது ஒரு நாளோ அதற்கு மேலோ, விளைவு நீடிக்கும். ஒரே ஒரு குவளைச் சாறு இதற்குப் போதும். ஆகையால் காலையில் சாறும் இரவில் மாத்திரையும் என்று பிரித்துக்கொண்டால் தப்பிக்கலாம் என்பது சரியல்ல. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின், உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் கொடுக்கப்படும் சைக்ளோஸ்போரின் உள்ளிட்ட 85க்கும் மேற்பட்ட மருந்துகள் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. கிரேப்ஃப்ரூட்டின் மூதாதையான பம்ளிமாஸிலும் இதே சேர்மங்கள் உண்டு.

பாலாடைக்கட்டியின் கதையும் இதற்கு இணையானது. 1950களில் மனச்சோர்வுக்காக மோனோஅமின் ஆக்சிடேஸ் தடுப்பான்கள் என்ற வகை மருந்துகள் புழக்கத்துக்கு வந்தன. அவற்றை உட்கொண்ட சிலருக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலியும் மிகையான இரத்த அழுத்தமும் வந்ததை லண்டனில் பணியாற்றிய இளம் மருத்துவர் பேரி பிளாக்வெல் கவனித்து எழுதினார். அதைப் படித்த நாட்டிங்காம் நகர மருந்தாளர் ஒருவர், தம் மனைவிக்குப் பாலாடைக்கட்டி சாப்பிட்டபோதெல்லாம் இது வந்ததாகவும், வெண்ணெயாலும் பாலாலும் வரவில்லை என்றும் அவருக்கு எழுதினார். பிளாக்வெல் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போய் 1963இல் தொடர்பை உறுதிப்படுத்தினார். நாள்பட ஊறிப் பக்குவமான பாலாடைக்கட்டியில் டைரமின் என்ற பொருள் மிகுதி. சாதாரணமாகக் குடலிலேயே அழிந்துவிடும் அந்தப் பொருள், அதை அழிக்கும் நொதி மருந்தால் முடங்கியிருக்கும்போது இரத்தத்தில் கலந்து அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. புளிக்கவைத்த சோயா, உப்பிட்டு உலர்த்திப் பக்குவப்படுத்திய இறைச்சி ஆகியவையும் இதே ஆபத்தைத் தரும். லினிசோலிட் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக்கும் லேசாக இதே குணம் உண்டு என்பதை நோயாளிகளில் பலர் அறியமாட்டார்கள். ஒரு மனைவியின் தலைவலியை அவருடைய கணவர் இத்தனை கூர்மையாகக் கவனித்து, எது வரவழைக்கிறது, எது வரவழைக்கவில்லை என்று பிரித்து எழுதியதை நான் மிகவும் மதிக்கிறேன். மருத்துவரிடம் போகும்போது நாம் கொண்டுபோக வேண்டிய தகவல் இப்படித்தான் இருக்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைப் பாலோடு விழுங்கினால் கால்சியம் அவற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மருந்து உடம்பில் முழுமையாக ஏறாது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுக்கச் சொல்வதும் இது போன்ற காரணத்துக்காகவே. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையை அடியோடு விலக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் அறவே இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதுதான் இரத்தம் உறையும் அளவைக் குலைக்கும். மதுவோடு சேரக் கூடாதவற்றில் ‘இங்க் கேப்’ எனப்படும் காளான் வகை ஒன்று உண்டு. மது இல்லாமல் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாத அந்தக் காளானைத் தின்றபின், இரண்டு மூன்று நாள் கழித்து மது குடித்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு துடித்து, வாந்தி வரலாம். காஃபின் மிகுந்த பானத்தை மதுவோடு கலப்பது இன்னும் பரவலான தவறு: காஃபின் போதையைக் குறைப்பதில்லை, போதையாக இருக்கிறோம் என்ற உணர்வைத்தான் குறைக்கிறது. காஃபின் சேர்த்த மதுபானங்களைத் தயாரித்த நான்கு நிறுவனங்களை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 நவம்பரில் எச்சரித்தது இதனால்தான்.

சேர்க்கை ஏதும் இல்லாமல் தனி உணவே கெடுக்கும் இடங்களும் உண்டு. ராஜ்மா பயற்றிலுள்ள லெக்டின் என்ற புரதம் அரைகுறையாக வெந்தால் மிகக் கொடியது. நான்கைந்து பச்சைப் பயறுகளே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவழைக்கப் போதும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிய தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். 10 நிமிடம் கொதிப்பது குறைந்தபட்சம், 30 நிமிடம் இன்னும் பாதுகாப்பு. கொதிநிலையை எட்டாமல் மெல்ல வேகவைக்கும் மின்பாத்திரத்தில் நேரடியாகப் போடுவது, பச்சையாகத் தின்பதைவிட மோசமாக முடியலாம். ஆக்கிய சோற்றை அறையின் வெப்பத்தில் மணிக்கணக்கில் விட்டால் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்குவதால் போகாது. சுரைக்காயோ வெள்ளரியோ வழக்கத்துக்கு மாறாகக் கடுங்கசப்பாக இருந்தால் அது குக்கர்பிட்டசின் என்ற நச்சுப் பொருள். ஒரு வாயோடு துப்பிவிட வேண்டும், உடம்புக்கு நல்லது என்று கசப்பைச் சகித்துக்கொண்டு சாறாகக் குடிக்கவே கூடாது. இந்த ஒன்றை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் வலியுறுத்துவேன். ஏனெனில் இதில் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன.

பயமுறுத்திவிட்டுத் தானே போய்விடும் சங்கடங்களும் சில உண்டு. பீட்ரூட் தின்ற மறுநாள் சிறுநீர் சிவப்பாவது சிலருக்கு இயல்பு. பைன் கொட்டை சாப்பிட்ட ஓரிரு நாள் கழித்து, எதைத் தின்றாலும் உலோகக் கசப்பாகத் தோன்றி, அது ஒன்றிரண்டு வாரம் நீடிப்பதும் உண்டு. அன்னாசி நாக்கை அரிப்பது அதிலுள்ள புரோமிலைன் என்ற, புரதத்தைச் சிதைக்கும் நொதியால். வேகவைத்தால் அந்த அரிப்பு இருக்காது. மிளகாய்க் காரத்துக்குத் தண்ணீரைவிடப் பால் நல்ல மாற்று, காரத்தைத் தரும் கேப்சைசின் தண்ணீரில் கரையாது.

இனித் தொண்டைக்கு வருகிறேன். விழுங்கும் அந்த ஒரு நொடியில் மூச்சு நிற்கிறது, குரல்வளை மேலெழுந்து முன்னால் நகர்கிறது, குரல்வளை மூடி பின்னோக்கிச் சாய்கிறது, குரல் நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன, உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. கவளம் கடந்ததும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. காற்றும் சோறும் ஒரே வழியில் வந்து பிரிகிற இடம் அது. பேச்சும் சிரிப்பும் மூச்சை உள்ளிழுக்க வைக்கின்றன. சரியாக மெல்லாத பெரிய கவளமோ, மதுவின் மந்தமோ, பொருந்தாத பல்செட்டோ அதோடு சேர்ந்தால் கவளம் தப்பான வழியில் போகிறது. சாதாரணமாகப் புரையேறும்போது வரும் இருமல் உடம்பின் மிகச் சிறந்த பாதுகாப்பு. இருமுகிறவரை இருமவிட வேண்டும். அந்த நேரத்தில் தண்ணீர் புகட்டக் கூடாது.

ஆபத்தானது சத்தமில்லாமல் நடப்பது. 1963இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் மருத்துவ விசாரணை அதிகாரியாக இருந்த ராபர்ட் ஹாகன், உணவகங்களில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே திடீரென்று இறந்த ஒன்பது பேரைப் பற்றி எழுதினார். மாரடைப்பு என்று நினைக்கப்பட்ட அந்த மரணங்களுக்குப் பிரேதப் பரிசோதனையில் தெரிந்த காரணம், குரல்வளையை அடைத்திருந்த உணவுத் துண்டு. அடைப்பு முழுமையாக இருந்தால் காற்று வெளியேறாது. காற்று இல்லாமல் குரல் எழும்பாது. அதனால் அவர் கத்துவதில்லை. கழுத்தைப் பிடித்துக்கொள்வார், முகம் நீலம் பாரிக்கும், சில வேளை பிறருக்குத் தொந்தரவு தராமல் எழுந்து கழிப்பறைப் பக்கம் போய்விடுவார். அப்படி எழுந்து போகிறவரைத் தனியே விடாதீர்கள். ‘தொண்டையில் அடைத்துக்கொண்டதா?’ என்று கேளுங்கள். பேச முடியாமல் தலையை மட்டும் அசைத்தால் உடனே செயலில் இறங்க வேண்டும், ஏனெனில் சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கும்.

செஞ்சிலுவைச் சங்கம் கற்பிக்கும் முறை இது. அவரை முன்னால் குனியவைத்து, ஒரு கையால் நெஞ்சைத் தாங்கிக்கொண்டு, மறு உள்ளங்கையின் அடிப்பகுதியால் இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவில் 5 முறை ஓங்கித் தட்டுங்கள். வெளியே வராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து, மறு கையால் அதைப் பற்றி, உள்ளேயும் மேலேயுமாக 5 முறை வெடுக்கென்று இழுங்கள். அடைப்பு நீங்கும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இன்னொருவர் ஆம்புலன்சுக்குச் சொல்லட்டும். வயிற்றை அழுத்தும் இந்த முறையை 1974இல் அறிமுகப்படுத்திய ஹென்றி ஹைம்லிக், 2016இல் தம் 96ஆம் வயதில், சின்சினாட்டி நகர முதியோர் இல்லத்தில் தம்மோடு உணவருந்திக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரை இதே முறையால் காப்பாற்றினார். கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்குப் பதிலாக நெஞ்செலும்பின் மேல் அழுத்த வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது: தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையின் மேல் குப்புறப் படுக்கவைத்து 5 தட்டு, பிறகு மல்லாத்தி நெஞ்செலும்பின் நடுவில் 5 அழுத்தம். தனியாக இருக்கும்போது நேர்ந்தால் நாற்காலியின் முதுகு விளிம்பில் மேல்வயிற்றை இடித்து அழுத்திக்கொள்ளலாம். நினைவு தப்பிவிட்டால் கீழே கிடத்தி இதய மீட்புச் சிகிச்சையை (சிபிஆர்) தொடங்க வேண்டும். வாய்க்குள் துண்டு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே விரலால் எடுக்க வேண்டும், கண்மூடித்தனமாகத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும்.

சிறு குழந்தைகளுக்குத் திராட்சையை முழுதாகத் தராமல் நீளவாக்கில் நான்காக நறுக்கித் தர வேண்டும். வழவழப்பான அந்த உருண்டை மூச்சுக்குழலைத் தக்கைபோல அடைத்துவிடும். ஐந்து வயதுவரை முழுக் கடலையும் கொட்டைகளும் வேண்டாம். புரையேறி அடங்கியபின்னும் குழந்தைக்கு இருமலோ இழுப்போ நாள்கணக்கில் தொடர்ந்தால், ஒரு துணுக்கு நுரையீரலின் கிளைக்குழலில் தங்கியிருக்கக்கூடும் என்று மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்.

மூச்சு தாராளமாக வருகிறது, ஆனால் விழுங்க முடியவில்லை என்றால் அடைப்பு உணவுக்குழாயில் இருக்கிறது. குளிர்பானம் குடித்தால் இறங்கிவிடும் என்ற பரவலான யோசனையை நெதர்லாந்தில் 51 நோயாளிகளிடம் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். கோலா குடித்தவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. உமிழ்நீரைக்கூட விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டிருக்கிறவரை அப்போதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இது அடிக்கடி நேர்ந்தால் உணவுக்குழாயின் உட்சுவரில் அழற்சியோ சுருக்கமோ இருக்கக்கூடும், உள்நோக்கிக் கருவியால் (எண்டோஸ்கோப்) பார்க்க வேண்டும். மீன் முள் சிக்கினால் சோற்று உருண்டையையோ வாழைப்பழத்தையோ விழுங்கித் தள்ளுவது வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. மேலோட்டமாகக் குத்தியிருந்த முள் அதனால் ஆழமாகப் போய்விடக்கூடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். முள் போன பிறகும் கீறல் ஆறும்வரை உறுத்தல் இருக்கலாம். ஆனால் வலி மறுநாளும் குறையாமல் இருந்தாலோ, காய்ச்சலோ நெஞ்சுவலியோ வந்தாலோ, உமிழ்நீரில் இரத்தம் தெரிந்தாலோ காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் தாமதமின்றிப் போக வேண்டும். வயிற்றை அழுத்தி அடைப்பு நீக்கப்பட்டவர் உடனே தெளிவாகிவிட்டாலும், உள்ளுறுப்புகளில் காயம் ஏற்பட்டிருக்க வாய்ப்பு உள்ளதால், அன்றைக்கே ஒரு மருத்துவர் அவரைப் பரிசோதிக்க வேண்டும்.